இக்சானின் தரை தட்டும் கார்

என் அண்ணன் இக்சான் பகல் முழுவதும் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். அதில் ஏறுவதற்கே படி வைத்திருக்கிறார்கள். நாள் பூராவும் எல்லாருடைய மண்டையையும் மேலேயிருந்து பார்த்துச் சலித்துப்போய்விடும் போலிருக்கிறது. வேலை முடிந்ததும் தரையைத் தடவுகிற உயரத்தில் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வருவான். எங்கள் ஊரான மிட்செல்ஸ் பிளேனில், எங்கள் தெருவில் பாதிப் பேருடைய கார் உயரத்தைக் குறைத்து இறக்கிவிட்ட கார்தான். ஆனால் இக்சானின் வெள்ளை கோல்ஃப் காருக்கு அடியில் மட்டும் தீப்பெட்டியைப் படுக்கப் போட்டால் நுழையும், நிமிர்த்தி வைத்தால் நுழையாது. அதனால் வெளியே அவனை இக்சான் என்று யாரும் கூப்பிடுவதில்லை. தீப்பெட்டிதான். இமாம்கூட ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

வாங்கியபோது அது மற்ற கார்கள் மாதிரிதான் நின்றது. ஒரு பெருநாளன்று அவன் கூட்டாளிகள் நாலு தடியன்கள் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். கார் அமுங்கி நின்ற அழகை இவன் பார்த்துவிட்டான். அவர்கள் இறங்கினார்கள், கார் எழுந்தது, இவன் முகம் விழுந்தது. அடுத்த வாரமே ஸ்பிரிங்குகளைக் கழற்றி கிரைண்டரால் ஒரு சுற்று அறுத்தான். பிறகு இன்னொரு சுற்று.

கார் கீழே போகப் போகச் சக்கரங்களுக்கு நேராக நிற்க முடியவில்லை. தலையை உள்ளே சாய்த்து, காலை அகட்டிக்கொண்டு நின்றன. சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகட்டின் விளிம்பு டயரை உரசியது. இரும்புக் குழாயை உள்ளே விட்டு அந்த விளிம்பை நெம்பி மடித்தான். அகல ரிம் வாங்கி அதில் ஒல்லி டயரை இழுத்து மாட்டினான். தொப்பைக்காரன் தம்பி சட்டையைப் போட்ட மாதிரி இருந்தது. ஸ்டீரிங்கை விட்டால் கார் ரோட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே தானாகப் போகும். இவ்வளவு செலவில் ஒரு குதிரையே வளர்த்திருக்கலாம். குதிரை சொன்ன பேச்சையும் கேட்கும்.

தெருவில் வேகத்தடை வந்தால் அவனுக்கென்று ஒரு முறை உண்டு. காரை நிறுத்துவான். உள்ளே இருக்கிற எல்லாரும் இறங்கித் தடையை நடந்து கடக்க வேண்டும். பாரம் குறைந்த கார் கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். மறுபடி எல்லாரும் ஏறிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் பழகிவிட்டார்கள். சொல்லாமலே இறங்குவார்கள். நூரான் அண்ணி கல்யாணத்தன்று முழு அலங்காரத்தோடு இறங்கி நடந்தாள். இரண்டு சிறுமிகள் பின்னால் பாவாடையைத் தூக்கிப் பிடித்து வர, தெருவே கைதட்டியது. அன்றைக்கு அண்ணியும் சிரித்தாள்.

ஒரு நாள் நான் பழைய கம்பளத்தைச் சுருட்டி எங்கள் வாசலுக்குக் குறுக்கே போட்டு, மேலே மணலைத் தூவி வைத்தேன். இக்சான் வந்தான், நிறுத்தினான், அம்மாவை இறங்கச் சொன்னான். அம்மா இறங்கி, கம்பளத்தைக் காலால் உதைத்துவிட்டு என்னைத் துரத்தினாள். அவன் மட்டும் காரிலேயே உட்கார்ந்து, "மேடு நல்லா செஞ்சிருக்கடி தௌஹீதா, முனிசிபாலிட்டில வேலைக்குச் சேரு" என்றான். அவனுக்குக் கோபம் வராது. அதுதான் அவனிடம் இருக்கிற பெரிய கஷ்டம். அவனோடு யாராலும் சண்டையைச் சரியாக முடிக்கவே முடியாது.

நூரான் அண்ணி முயன்று பார்த்தாள். வயிறு பெரிதான பிறகு வேகத்தடைக்கு வேகத்தடை இறங்கி ஏறுவது அவளுக்குப் பெரும் பாடானது. காருக்குள்ளும் நிம்மதி இல்லை. அறுத்த ஸ்பிரிங் கல் மாதிரி. சின்னக் குழியில் விழுந்தாலும் நேரே முதுகெலும்பில் ஏறும்.

"இந்தக் காரை உசத்துறியா இல்லையா?" என்று ஒரு நாள் சமையலறையில் கேட்டாள்.

"உசத்தறேன் நூரா. ஆகஸ்ட் ஒன்பது முடியட்டும்."

ஆகஸ்ட் ஒன்பது எங்கள் நாட்டில் மகளிர் தினம், விடுமுறை நாள். கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் கார்கள் கூடும். தானாக நகரக்கூடிய கார்களில் எது ரொம்பத் தாழ்ந்தது என்று பார்த்துக் கோப்பை கொடுப்பார்கள். போன வருஷக் கோப்பை எங்கள் டிவி மேல் இருந்தது.

"மகளிர் தினத்துக்குப் பொம்பளைய நடக்க விட்டுட்டு காரைக் கும்பிடப் போறியா?"

"பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருக்குல்ல. ஒன்பதாம் தேதி ராத்திரியே ஸ்பிரிங்கை மாத்திடறேன். சத்தியமா."

"இதைக் கேட்டுக்க இக்சான். என் பிள்ளை இந்தக் கார்ல ஏறாது. நீ உசத்தலேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கோப்பைக்கே பேர் வெச்சு வளர்த்துக்க."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை டயர் கடைக்குப் போனோம். கடைக்காரன் தஷ்ரீக் இக்சானோடு படித்தவன். அவன் காரும் வயிற்றால் ஊர்கிற ஜாதிதான். சக்கரத்தைக் கழற்றி உருட்டிப் பார்த்தவன் விசில் அடித்தான். வெளிப்பக்கம் டயர் கடையிலிருந்து நேற்று வந்தது போல் இருந்தது, வரிகளெல்லாம் ஆழமாக. உள்பக்க விளிம்பு மொழுக்கென்று தேய்ந்து, ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்த்தது. சாய்ந்து ஓடுகிற சக்கரத்தின் பாரமெல்லாம் அந்த விளிம்பில்தான் விழுகிறது.

"திருப்பிப் போட்டுறவா?" என்றான் தஷ்ரீக். ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே, வெளிப்பக்கத்தை உள்ளே வைத்து மாட்டுவது. எங்கள் பக்கத்தில் இறக்கிய கார் வைத்திருக்கிற எல்லாரும் செய்வதுதான். நல்ல ரப்பர் உள்ளே போய் ரோட்டைப் பிடிக்கும், தேய்ந்தது வெளியே வந்து சும்மா இருக்கும்.

இக்சான் டயரைப் பார்த்தான். "திருப்பினா மொட்டை வெளிய தெரியும்டா. கண்காட்சியில போட்டோ எடுப்பாங்க."

"ஆமா, அதுவும் இருக்கு."

"முடிஞ்சதும் திருப்பிக்கலாம். அதுவரைக்கும் மெதுவாத்தானே ஓட்டப்போறேன்."

"நீ எப்படா வேகமாப் போன? ஆமையே உனக்கு ஹாரன் அடிக்கும்" என்றான் தஷ்ரீக். நல்ல முகம் வெளியே இருக்கும்படி மாட்டித் தட்டிக் கொடுத்தான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். கார் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

ஏழாம் தேதி காலை வடமேற்குக் காற்றோடு மழை. கூரைத் தகரம் பிய்ந்து போகிற மாதிரி அடித்தது. அம்மா தையல் ஆலைக்குப் போய்விட்டாள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, "இக்சான், பனிக்குடம் உடைஞ்சிடுச்சு" என்றாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். கும்பல் சண்டைக்குப் பயந்து எங்கள் பகுதிக்குள் போலீஸ் துணையில்லாமல் ஆம்புலன்ஸ் வராது. போலீஸ் எப்போது வரும் என்று போலீஸுக்கே தெரியாது. மழையில் தெருவில் ஒருவருமில்லை. அண்ணி காரைப் பார்த்தாள், இக்சானைப் பார்த்தாள், பின்சீட்டில் ஏறினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் வேகத்தடையில் இக்சான் நிறுத்தவில்லை. கார் அடிவயிறு கிழிகிற சத்தத்தோடு நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அவன் திரும்பினான். அந்த முகத்தை வைத்து அவனை ஆயுசுக்கும் கிண்டல் செய்யலாம். நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நூரா... கொஞ்சம்..."

"இறங்கணும். அதானே?"

இறங்கினாள். நான் குடையைப் பிடித்தேன், காற்று குடையைப் பிடுங்கிப் போட்டது. என் தோளில் தொங்கிக்கொண்டு தடையைக் கடந்தாள். பாதியில் வலி வந்து அப்படியே குனிந்து நின்றாள். பக்கத்தில் கார் ஒரு பக்கமாக ஏறி, க்ரீச்சென்று உரசி இறங்கியது. அடுத்த தடையிலும் அப்படியே. அதற்கடுத்ததில் அவள் என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "இவனை நான் மன்னிக்க மாட்டேன்டி" என்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

பெரிய ரோட்டில் தடை இல்லை. அதனால் இக்சான் முதல் தடவையாக வேகமாகப் போனான். பாலத்துக்கு இறங்குகிற வளைவில் தண்ணீர் தேங்கி நின்றது. படாரென்று ஒரு சத்தம். இடப்பக்க முன்டயர். ஸ்டீரிங் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பியது. கார் சுற்றி, பக்கவாட்டில் நடைபாதைக் கல்லில் மோதி நின்றது. அண்ணியின் தோள் கதவில் இடித்தது. நான் அவள் வயிற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தேன். என்னைத் தள்ளிவிட்டு, வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு, "உதைக்குது" என்றாள். இக்சான் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தான்.

வேலைக்குப் போகிற ஆட்களை அடைத்துக்கொண்டு வந்த ஒரு வேன் டாக்சி நின்றது. கதவில் தொங்கிய பையன் குதித்து வந்தான். "நகருங்க, நகருங்க, ராணி வராங்க! சித்தி, அந்தப் பையை மடியில வைங்க. அக்கா, பிள்ளை இதுலயே பிறந்தா எங்க டிரைவர் பேரைத்தான் வைக்கணும், சொல்லிட்டேன்!" யாரோ சால்வையைக் கழற்றி அண்ணிமேல் போர்த்தினார்கள். இக்சானும் ஏறப் போனான். அண்ணி அவனைப் பார்க்காமலே, "நீ உன் காரோட இரு" என்றாள்.

டாக்சி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். மழையில் முட்டிபோட்டு, கிழிந்த டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தான்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது, நல்ல தொண்டையோடு. அண்ணியின் தோள் மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராகத் தன் அம்மா கதீஜா வீட்டுக்குப் போய்விட்டாள். இக்சான் தினமும் டாக்சி ஏறிப் போவான். கதீஜா மாமி கதவைத் திறந்து, "வாங்க மாப்ளே, நடந்தா வந்தீங்க? உடம்புக்கு நல்லது" என்பாள். பிள்ளையைத் தருவார்கள், தேநீர் தருவார்கள். அண்ணி உள்ளறையை விட்டு வரமாட்டாள்.

ஒன்பதாம் தேதி யாரோ வேறொருவன் கோப்பையை வாங்கினான். இக்சான் அது யார் என்றுகூடக் கேட்கவில்லை. காயலான் கடையில் வெட்டுப்படாத ஸ்பிரிங்குகளைத் தேடிப் பிடித்தான். அறுத்ததை ஒட்டவைக்க முடியாதே. தஷ்ரீக் வந்து உதவினான்.

"முழுசாவா உசத்தற? ரெண்டு விரல் அளவாவது இறக்கிக்கடா. ஆம்பளை வண்டி மாதிரி இருக்கணும்ல."

"ஸ்பானரைக் கொடு" என்றான் இக்சான்.

"தெருவுல உன்னை இனிமே என்னன்னு கூப்பிடறது?"

"ஸ்பானரைக் கொடு தஷ்ரீக்."

நான் இரண்டு பேருக்கும் தேநீரும், தேங்காய் தூவிய சூடான கூசிஸ்டர் பணியாரமும் கொண்டுபோனேன். கிண்டலுக்கென்று நாலைந்து தயாராக வைத்திருந்தேன். பாவாடையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நிற்கிற கிழவி மாதிரி இருந்தது கார். இக்சான் கை முழுவதும் கிரீஸ், கண்ணைத் துடைத்து முகத்திலும் கிரீஸ். "சக்கரம் நேரா நிக்குது அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பெயர் வைக்கிற விருந்து எங்கள் வீட்டில். பிள்ளையைப் பூ வைத்த தலையணையில் ஏந்தி வந்து முடி கத்தரிக்க வேண்டும். தாயும் பிள்ளையும் அப்பன் வீட்டுக்கு வருவார்களா என்பதே யாருக்கும் தெரியாது. இக்சான் விடியற்காலையிலேயே காரைக் கழுவிக்கொண்டு கதீஜா மாமி வீட்டு வாசலில் போய் நின்றான். நானும் போனேன்.

அண்ணி பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். காரைச் சுற்றி வந்தாள். உள்ளே கையை விட்டு ஒவ்வொரு டயரின் உள்விளிம்பையும் தடவினாள்.

"புதுசுதான் நூரா. நாலும்."

"அம்மா, நீ ஏறு. பக்கத்து வீட்டு அக்காங்க ரெண்டு பேரையும் கூப்பிடு."

கதீஜா மாமி ஒருத்தியே ஒன்றரை ஆள். மூன்று பேரும் பின்சீட்டில் இறங்கியதும் கார் முனகியது. "செத்துப்போனா என் வளையலை நூரானுக்குக் கொடுங்க!" என்று மாமி ஜன்னல் வழியாகக் கத்தினாள். "மாப்ளே, அழுத்துங்க, நாங்களும் பெருநாள் பார்த்து ரொம்ப நாளாச்சு!" தெருவின் கடைசிவரை போய், வேகத்தடையில் நேராக ஏறி இறங்கித் திரும்பி வந்தான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உரசுகிற சத்தம் இல்லை.

"இறங்கும்மா" என்றாள்.

பிள்ளையோடு பின்சீட்டில் ஏறினாள். நான் முன்னால். அண்ணி ஒரு கையால் பிள்ளையை அணைத்திருந்தாள். மறுகை கதவுப் பிடியை இறுக்கியிருந்தது. தடையெல்லாம் மெதுவாக, தொட்டில் ஆட்டுகிற மாதிரிக் கடந்தான். அந்தக் கை தளரவில்லை. பாலத்துப் பக்கம் வந்தபோது அவள் மூச்சை நிறுத்திக்கொண்டது எனக்குக் கேட்டது. இக்சானுக்கும் கேட்டிருக்கும். கண்ணாடியில் ஒரு தடவை அந்தக் கையைப் பார்த்தான். அப்புறம் ரோட்டை மட்டும் பார்த்தான்.

வீட்டு வாசலில் அத்தைமார்கள் பூத்தட்டோடு நின்றார்கள். கார் நின்றது, எஞ்சினும் நின்றது. யாரோ வெளியிலிருந்து கதவைத் திறக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. அண்ணி இன்னும் உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். இக்சான் இறங்காமல், திரும்பாமல், "மெதுவா விடு நூரா, நேரம் இருக்கு" என்றான். அத்தைமார்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும், பெயர் வைக்காத பிள்ளையும், அப்படியே உட்கார்ந்திருந்தோம்.