அழித்த சாவி

ராகேலுக்கு நம்பிக்கை என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ள காரியம். பாறசாலையில் சர்ச்சுக்குப் போய்வரும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் அவளுக்கு எல்லார் மேலும் சந்தேகம்தான். நெத்திலி வாங்கினால்கூட ஒவ்வொன்றாகச் செவுளைத் திறந்து பார்ப்பாள். ரயிலில் கழக்கூட்டத்து அலுவலகத்துக்கு வரும்போது பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள்; அதுவும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு. நான் கௌசல்யா, வலியசாலைக்காரி. அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. செயலிகளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். எனக்கே அவளுடைய சந்தேகம் எரிச்சலாக இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சின்ன கம்பெனி. ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குச் செயலி செய்து கொடுக்கிறோம். நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் எல்லாம் கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த இடத்தில், இருக்கின்றன. அவற்றைத் திறக்க ஒரு சாவி உண்டு. சாவி என்றால் இரும்பு இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி. அது யார் கையில் கிடைத்தாலும் ஊரில் யாருக்கு என்ன நோய் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம். அந்தச் சாவிக்குக் காவல் ராகேல்.

சாவிகளைப் பூட்டி வைக்க கிளவுட்காரர்களே ஒரு பெட்டகம் தருகிறார்கள். மனிதர் கண்ணில் படாமல், தேவைப்படும் நிரலுக்கு மட்டும் அது சாவியைக் கொடுக்கும். எங்கள் தலைவர் ஹரிகுமார் அதைப் பயன்படுத்தச் சொன்னபோது ராகேல் ஒத்துக்கொள்ளவில்லை.

"பூட்டும் அவனுக்க, வீடும் அவனுக்க. எனக்க சாவிய அதுக்குள்ள கொண்டு வைக்கணுமாக்கும்? நல்ல கதை!" என்றாள்.

புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்கள் லேப்டாப்பில் எங்கள் செயலியை ஓடவைப்பது பெரும்பாடு. ஒருவனுக்கு ஓடும், இன்னொருவனுக்கு ஓடாது. அதற்குத்தான் ராகேல் ஒரு கண்டெய்னர் செய்தாள். செயலி, அதற்கு வேண்டிய சாமான்கள், மாதிரி ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டிவிடுவது. யார் இறக்கித் திறந்தாலும் ஒரே மாதிரி ஓடும். மாதிரி ரிப்போர்ட்டுகளை கிளவுடிலிருந்து எடுக்கச் சாவி வேண்டும் அல்லவா? அதனால் பெட்டி கட்டும்போது சாவியை உள்ளே வைத்தாள். எடுத்து முடித்ததும் அடுத்த வரியிலேயே அழித்தாள். ஒரு பிள்ளைக்கும் சாவியைக் காட்டாமல் எல்லார் வேலையும் நடக்க வைத்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பெருமை.

பெட்டியை இணையத்தில் பொதுவான இடத்தில்தான் வைத்தாள். தனி இடத்தில் வைத்தால் ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லை நம்பிக் கொடுக்க அவளுக்கு ஆள் ஏது? உள்ளேதான் ரகசியம் ஒன்றுமில்லையே, யார் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

வீரபாண்டி சங்கரன்கோயில் பக்கத்துக்காரன். வேறொரு ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் எங்களிடம் வந்து வேலை பார்த்தான். மனைவி ஆவுடைத்தாயை அப்போதுதான் ஊரிலிருந்து அழைத்து வந்து பைபாஸுக்குப் பின்னால் ஓர் அறையில் குடிவைத்திருந்தான். அவள் மாசமாக இருந்தாள். அவன் செய்த குற்றம், ஒருநாள் ராகேலின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

"ஏக்கா, நிஜ ரிப்போர்ட் ஒண்ணு பாக்கணும். மாதிரில ஓடுது, நிஜத்துல ஒடையுது. அந்தச் சாவியக் கொஞ்சம் தாங்களேன்" என்றான்.

ராகேல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் படிக்கட்டில் நின்று போன் பேசினாலும் அவளுக்குக் காது அங்கேதான்.

கொஞ்ச நாளில் திருட்டு நடந்தது. எந்த நாடென்றே தெரியாத முகவரியிலிருந்து யாரோ எங்கள் சாவியைப் போட்டு ரிப்போர்ட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் போனில் கத்தினார்கள். ஹரிகுமார் ராகேலின் மேசைக்கு வந்து நின்றார்.

"ராகேலே, இது ஆரு செஞ்சது? பற."

"சாவிய எங்கிட்ட கேட்ட ஒரே ஆளு அவன்தான் சாரே" என்றாள் ராகேல், வீரபாண்டியைக் காட்டி.

"கேட்டேன் சார், ஆனா அக்கா தரலியே!" என்றான் அவன். அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மாலைக்குள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். காரணத்தையும் ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டார்கள். திருடன் என்று பெயர் வாங்கியவனை ஏஜென்சி வேறெங்கே அனுப்பும்? வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் மனைவியிடம் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வந்தது.

ராகேல் பழைய சாவியை ரத்து செய்தாள், புதியது உண்டாக்கினாள். பெட்டியையும் முன்பு போலவே புதிதாகக் கட்டி அதே இடத்தில் வைத்தாள். புதிய சாவியை ஹரிகுமாருக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்த வாரமே மறுபடியும் திருட்டு.

"அவனைத்தான் பறஞ்சு விட்டாச்சே! பின்னே இது ஆரு?" என்று ஹரிகுமார் மேசையைத் தட்டினார்.

ராகேல் திரும்பி என்னைப் பார்த்தாள். "கௌசல்யா, உனக்க லேப்டாப்ப இங்க தா."

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "நன்னா பாருங்கோ! ஆனா என்னோடத மட்டும் பாத்தாப் போறாது. நீங்க கட்டின பெட்டியையும் என் கண்ணெதிரே பிரிச்சுக் காட்டணும்" என்றேன்.

"அதுல ஒண்ணுமில்ல பிள்ளே. காணிச்சுத் தாறேன், பாத்துக்கோ" என்று வீம்பாகத் திறந்தாள்.

கண்டெய்னர் பெட்டி அடுக்கடுக்காகக் கட்டப்படுவது. ஓர் அடுக்கில் வைத்ததை அடுத்த அடுக்கில் அழித்தால், மேலிருந்து பார்ப்பவருக்குத்தான் அது தெரியாது. கீழ் அடுக்கில் வைத்தது வைத்தபடி இருக்கும். ராகேல் ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துக்கொண்டே போனாள். நடுவில் ஓர் அடுக்கில் அந்தக் கோப்பு இருந்தது. திறந்தால் சாவி, ஓர் எழுத்துக்கூட அழியாமல். இப்படிப் பொதுவில் கிடக்கும் பெட்டிகளைப் பிரித்துச் சாவி தேடுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

"கர்த்தாவே, அவன் எடுக்கல்ல. நான்தான் தெருவுல கொண்டு வச்சேன்" என்றாள் ராகேல்.

விஷயத்தை வெளியே விட வேண்டாம், தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார் ஹரிகுமார். "அவனுக்க பேரு போனது போகட்டுமா சாரே?" என்று கேட்டாள் ராகேல். அவர் முன்னாலேயே ஏஜென்சிக்குப் போன் போட்டுத் தவறு தன்னுடையது என்று தன் பெயரைச் சொன்னாள். பொதுவில் இருந்த பெட்டியை எடுத்தாள், சாவியை மறுபடி மாற்றினாள். அவ்வளவு நாள் வேண்டாம் என்றிருந்த பெட்டகத்தில் அதைப் போட்டுப் பூட்டினாள்.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு பைபாஸுக்குப் பின்னால் போனாள். கதவைத் திறந்த ஆவுடைத்தாய் எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"என்னத்தக் காணோம்னு தேடி வந்திய?" என்று கேட்டாள்.

ராகேல் அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. "ஒண்ணும் காணாமப் போகல்ல மக்ளே. தப்பு எனக்க தப்பு. அவன வேலைக்குத் திரும்பக் கூப்பிடத்தான் வந்தேன்" என்றாள். வீரபாண்டி பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழம வாரேன்" என்று மட்டும் சொன்னான். வேலை வேண்டுமே, வராமல் என்ன செய்வான்.

அவன் வந்த அன்று ராகேல் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனைக் கூப்பிட்டாள். பெட்டகத்தைத் திறக்க அவன் பெயருக்கும் அனுமதி போட்டிருந்தாள். அவள் அப்படிச் செய்ததை அந்த அலுவலகத்தில் யாரும் கண்டதில்லை.

"இனி நீ ஆருட்டயும் கேக்க வேண்டாம். நீயே திறந்து எடுத்துக்கோ, கேட்டியா?"

அவன் உட்காரவில்லை. "வேண்டாங்க்கா. எம்பேர எடுத்துருங்க."

"உன்ன நம்பித்தானே மக்கா போட்டேன்?"

"இன்னைக்கு நம்புதிய. நாளைக்கு ஒண்ணு காணாமப் போச்சுன்னா மொதல்ல யாரப் பாப்பியன்னு எனக்குத் தெரியும்லா. என் கைல ஒண்ணும் இல்லன்னாத்தான் நான் நிம்மதியா வீட்டுக்குப் போவேன்."

ராகேல் விசைப்பலகையை இழுத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் பெயரை நீக்கினாள். அவன் குனிந்து, அது போய்விட்டதுதானா என்று திரையில் பார்த்தான். பிறகு, அனுமதிப் பட்டியலை மூடிவிட்டு இன்னொரு தடவை திறந்து காட்டச் சொன்னான்.