பத்து ஓட்டைக்கும் பொட்டு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்தத் தொழிற்சாலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. கிட்டாரையும் மவுத் ஆர்கனையும் மட்டும் விடவில்லை. நான் வாசிப்பது ப்ளூஸ். கஷ்டத்தை ஒரு வரியில் சொல்லி, அதையே மறுபடி சொல்லி, மூன்றாம் வரியில் அதற்கொரு பதில் சொல்லும் பாட்டு. கஷ்டத்துக்குப் பஞ்சமில்லாததால் எனக்குச் சுலபமாக வந்தது.

ஆயுத பூஜை அன்று மாலை நாலு மணிக்கு பெங்களூரில் ஒரு பாரில் வாசித்துக்காட்டச் சொல்லியிருந்தார்கள். பிடித்துப்போனால் வாராவாரம் சனிக்கிழமை மேடை. இல்லையென்றால் அட்டைப்பெட்டி கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கே சொல்லியும் வைத்தாயிற்று.

பெங்களூர் போகும் வழியில் எல்லையோரம் இருக்கும் ஜூஜுவாடியில் என்னோடு அறையில் இருந்தவன் திருநெல்வேலிக்காரன், ஃபிட்டர். காலையில் கம்பெனி பூஜை முடிந்து, மிச்சச் சந்தனத்தை ஒரு டம்ளரில் கொண்டுவந்திருந்தான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பைக், இஸ்திரிப் பெட்டி, கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டான். மவுத் ஆர்கனுக்கும்தான். அதில் பத்து ஓட்டை. பத்திலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“ஒண்ணையும் விடல மாப்ள. தீக்குச்சியால பாத்துப் பாத்து வச்சிருக்கேன்,” என்றான்.

திட்ட வாய் வரவில்லை. குழாயில் கழுவினேன். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பொம்மசந்திரா வரும்வரை பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயவைத்தேன். கண்டக்டர் வாந்தி வருகிறதா என்று கன்னடத்தில் கேட்டு, ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்.

பாரில் மேனேஜர் எலுமிச்சை சோடாவோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். கிட்டாரில் ஆரம்பித்து, கழுத்துக் கம்பியில் மாட்டியிருந்த மவுத் ஆர்கனை ஊதினேன். சத்தமே வரவில்லை. உள்ளே மிச்சச் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. பலம்கொண்ட மட்டும் ஊதியதில் ஒரு சந்தன உருண்டை பறந்துபோய் அவருடைய சோடாவில் விழுந்தது. அவர் அதை ஸ்பூனால் எடுத்து முகர்ந்தார். பிறகு நெற்றியில் வைத்துக்கொண்டார். நல்ல நாள் அல்லவா.

ஊத வழியில்லாததால் பாடினேன்:

பத்து ஓட்டைக்கும் பொட்டு வச்சான், மூச்சு போக வழியில்ல.
பத்து ஓட்டைக்கும் பொட்டு வச்சான், மூச்சு போக வழியில்ல.
பக்தியில செஞ்ச பயல, திட்டிப்போட மனசுமில்ல.

மேனேஜர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அந்தக் குரலிலேயே இன்னும் இரண்டு சுற்று பாடினேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

“சனிக்கிழமை வாப்பா. காமெடி நல்லா பண்றே,” என்றார் மேனேஜர்.

அது சோகப் பாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். பேக்கிங் வேலை ஞாபகம் வந்தது. தலையாட்டினேன்.

இப்போது வாராவாரம் போய் என் கஷ்டத்தை எல்லாம் உள்ளபடி சொல்கிறேன். டைபாய்டில் கிடந்ததைப் போன வாரம் பாடினேன். ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.