நான் சேர்த்த ஒரு வரி

தோட்டத்து அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த காலத்தில் எல்லாருடைய கடிதமும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். அலுவலக முத்திரையைக் குத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன். முத்திரைக்கு எந்த அவசியமும் இல்லை. கடிதம் என் கை வழியாகப் போனது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டம் விற்கப்பட்டு, சனங்கள் பக்கத்து ஊர்களான சிரம்பானுக்கும் ரந்தாவுக்கும் பிரிந்து போன பிறகு, பழைய தோட்டத்தார் சங்கம் வைத்தோம். ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு வருவதை எங்கள் கணினி அவரவர் சொந்த முகவரிக்கு அனுப்பிவிடும். ஏற்பாடு செய்தது நான். போகிற ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘தோட்டத்தார் சங்கம் வழியாக வந்தது’ என்ற வரி தானாகச் சேரும்படி வைத்ததும் நான்தான்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் இப்போது ரந்தாவில் இருக்கிறார். அவருக்கு ஒரே மகள். அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு சிங்கப்பூர் போனபோது, போனில் கத்திவிட்டு நம்பரையும் மாற்றிவிட்டார். கோபம் தணிந்தது. தானாகக் கூப்பிடத்தான் மனம் வரவில்லை.

“சங்கத்து அட்ரஸ் அவளுக்குத் தெரியும். எழுதட்டும், அப்புறம் பேசுறேன்” என்றார்.

மாதக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வருவார்.

“கிராணி ஐயா, ஏதாச்சும் வந்துச்சா?”

“வந்தா நேரா உங்க போனுக்கே வந்துரும் அண்ணே. வரலைன்னா, அவ எழுதலை.”

அடுத்த முறை கேட்டபோது, “இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான் லா. மறந்திருக்கும்” என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அதே மாதங்களில் சங்கத்துப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் சில அறிவிப்புகள் வந்தன. இன்ன மடல் ஏற்கப்படவில்லை என்று. மற்றவர்களின் மடல்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததால், இயந்திரம் ஏதோ புலம்புகிறது என்று படிக்காமலே அழித்தேன். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். நான் செய்த ஏற்பாட்டில் பிழை இருக்காது என்ற எண்ணம்.

ஒரு காலை, அப்படி ஒன்றைத் திறந்தேன். ஏற்கப்படாத அந்த மடலை அனுப்பியவர் மண்டோரின் மகள். அவள் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள், அந்த முகவரியிலிருந்து எழுதியிருக்கிறாள்.

உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டேன். தன் பெயரில் மடல் அனுப்பலாம் என்று சில கணினிகளை மட்டும் அந்த வங்கி பட்டியலிட்டிருக்கிறது. எங்கள் சங்கத்துக் கணினி அதில் இருக்க வழியில்லை. அது மட்டும் என்றால் குற்றமில்லை. வங்கி ஒவ்வொரு மடலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒப்பம் வைக்கிறது. யார் கை மாறினாலும், உள்ளே ஓர் எழுத்துக்கூட மாறாதவரை அது செல்லும். என் ஒரு வரி அதைச் செல்லாததாக்கிவிட்டது. இரண்டும் தவறினால் வாங்காதே என்று மடல் பெறும் பெட்டிகளுக்கு வங்கி சொல்லி வைத்திருக்கிறது; மற்ற மடல்களை அனுப்பியவர்கள் இப்படிக் கட்டுப்பாடு வைக்கவில்லை. அதனால் மண்டோரின் பெட்டி மடலை மறுத்தது. கடைசியாக அனுப்பியது நாங்கள் என்பதால் அறிவிப்பு எனக்கு வந்தது.

அன்றே அந்த வரியை எடுத்தேன். பிறகு ரந்தாவுக்குப் போனேன்.

மண்டோர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடிவிட்டு, “படிங்க” என்றார். அறிவிப்பின் அடியிலேயே மடல் இருந்தது.

“அப்பா, இது நாலாவது மடல். நீங்க பதில் போடலை. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டா.” கீழே அவள் எண்.

“மத்த மூணு?”

“அழிச்சிட்டேன் அண்ணே. படிக்கக்கூட இல்லை.”

என்னைத் திரும்பிப் பார்த்தார். “மறந்திருக்கும்னு சொன்னீங்களே, ஐயா.”



போனை என்னிடம் நீட்டினார். “நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சாக்குன்னு நினைப்பா.”

அவள் எடுத்தாள். தோட்டத்துக் கிராணி என்றதும், “அப்பாவுக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்காரு. உன் லெட்டர் ஒண்ணுகூட அவருக்குக் கிடைக்கலை. தப்பு என்னோடது.”

மண்டோர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

“மூணு லெட்டர் பாக்கி இருக்கு” என்றார் அவளிடம். “என்ன எழுதுனே, ஒண்ணொண்ணா சொல்லு.”

நான் வெளிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.