ஒரு எஸ்

ஒரகடம் கம்பெனியில் பெட்டிகளைச் சரிபார்த்து முத்திரை குத்துவது என் வேலை. இன்று ஒரு பெட்டியின் சீட்டில் ‘1 Nos’ என்று இருந்தது. உள்ளே இருப்பது ஒரே ஒரு மோட்டார். வெளியே எதற்கோ ஒரு எஸ்.

அதைப் பார்த்ததும் விரல் முட்டி வலித்தது. நாலாம் வகுப்பில் ‘ஃபைவ் ஹென்’ என்று எழுதியதற்கு டீச்சர் ஸ்கேலால் அங்கேதான் அடித்தார். எஸ் சேர்த்து நூறு தடவை எழுதி வரச் சொன்னார். ரைஸ்மில்லிலிருந்து தலையெல்லாம் தவிடாக வந்த அம்மா, முகம்கூடக் கழுவாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுத்து தெரியாதவள், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்தக் கொக்கி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு வரியில் நான் விட்டிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்.

“அஞ்சு கோழின்னா போதாதா, இந்தக் கொக்கி இன்னாத்துக்குடி?”

“டீச்சர் அப்படித்தான் எழுதணும்னாங்கம்மா.”

பெருமூச்சு விட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

என்னைவிடச் சின்னவரான சூப்பர்வைசரிடம் சீட்டைக் காட்டினேன்.

“ஒண்ணுதான சார் கீது, எஸ் இன்னாத்துக்கு?”

“சிஸ்டத்துல அப்படித்தான்க்கா வருது.”

ஓகே முத்திரையைக் குத்திவிட்டு, நானும் அடுத்த பெட்டிக்குப் போனேன்.