ஸ்னோவுக்கு வைத்த நேர்த்தி

ஸ்னோ வரவில்லையே என்று லண்டனில் ஒரு மனுசி ஏங்கிக்கொண்டிருந்தாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஊரே ஹீற்றர் பில்லை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க, இவளுக்கு என்ன கொழுப்பு என்றும் கேட்பீர்கள். நீலவேணிக்கு வயது ஐம்பத்தேழு. வடக்கு லண்டனில், எட்மண்டனில் வீடு, ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பனிச்சறுக்கு விளையாடுகிற ஆசையும் இல்லை, ஸ்னோவில் நின்று படம் பிடித்துப் போடுகிற பழக்கமும் இல்லை. அவளுக்கு வேண்டியது புருசனோடு ஒரு முழு நாள். அதை ஸ்னோவைத் தவிர வேறு யாரும் தரமாட்டார்கள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

புருசன் ஒன்றும் தூரதேசத்தில் இல்லை. இளங்கோவன் அதே வீட்டில்தான் இருக்கிறார், அதே கட்டிலில்தான் படுக்கிறார். நேரம்தான் வேறு. அவர் பாண் பேக்கரி ஒன்றில் இரவு ஷிப்ட். அவள் விடியமுன்னம் எழும்பி, நோயாளிகளின் காலைச் சாப்பாட்டைத் தட்டில் அடுக்கப் போய்விடுவாள். அவர் வந்து அவள் படுத்த சூட்டிலேயே படுப்பார். பின்னேரம் அவளுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளீனிங் வேலையும் உண்டு. அவருக்கு லீவு செவ்வாய், புதன். அவளுக்குச் சனி, ஞாயிறு. லீவு நாளிலும் அவள் ஒன்பது மணிக்கே கண் சொருகிப் போவாள், அவருக்கு அப்போதுதான் விடியும். அவருடைய மனம் எப்படி இருக்கிறது என்பதைச் சாப்பாட்டுக் கோப்பையில் அவர் மிச்சம் விட்டிருப்பதை வைத்துத்தான் அவள் கணித்துக்கொள்வாள். இப்படியே குடித்தனம் நடத்தி, டினேஷ் என்று ஒரு பிள்ளையையும் வளர்த்து, படிப்பித்து, கலியாணமும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எப்படி முடிந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்பதில், பெப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு கொட்டத் தொடங்கிய ஸ்னோ திங்கள் விடிந்தும் விடவில்லை. லண்டன் முழுவதும் பஸ் நின்றுவிட்டது. அவர் வேலைக்குப் போகவில்லை, அவளும் போகவில்லை. டினேஷ் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு றோட்டில் புரண்டுகொண்டிருந்தான். ஃபிறீசரில் கிடந்த நண்டையும் றாலையும் போட்டு நீலவேணி பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சினாள். இருவரும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்து மூக்கால் வடிய வடியக் குடித்தார்கள்.

அன்றைக்குத்தான் இளங்கோவன் வாயைத் திறந்தார். மனுசனுக்கு இவ்வளவு கதை தெரியும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. முதன்முதல் விமான நிலையத்தில் அவளைக் கூட்டிப்போக வந்தவர், கலியாணப் பேச்சுக்கு அனுப்பிய படத்தை நம்பி, வேறு யாரோ ஒரு பெண்ணின் பெட்டியைத் தூக்கப் போய் ஏச்சு வாங்கியதைச் சொன்னார். பேக்கரியில் மேற்பார்வை செய்கிறவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினார். நீலவேணி சிரித்துச் சிரித்து நாரியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அடுத்த நாள் பஸ் ஓடியது. அவளும் ஓடினாள், லீவு முடிய அவரும் பழையபடி ஓடத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஸ்னோ வராமல் இல்லை. அடுத்த வருசமே மார்கழியில் வந்தது. ஆனால் பஸ் நிற்கவில்லை. அவள் விடியற்புறம் வேலைக்குப் போகும்போது பஸ் தரிப்பில் ஐஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதுதான் மிச்சம். அவளுடைய சம்பளம் நின்றதால் அவர் லீவு நாளிலும் வேலைக்குப் போனார். அதோடு கண்ணிலும் படாமல் போனார். பிறகு வந்த ஸ்னோ எல்லாம் வந்த வழியே கரைந்து போயிற்று.

லீவு எடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தார்களே! செத்தவீட்டுக்கு எடுத்தார்கள், சாமத்தியவீட்டுக்கு எடுத்தார்கள், கனடாவில் மச்சாளின் மகளுடைய கலியாணத்துக்கு இரண்டு கிழமை எடுத்தார்கள். புருசனும் பெண்சாதியும் சும்மா இருந்து கதைக்கிறதுக்கு லீவு எடுப்பது என்ற ஒன்று இருப்பதாக இருவருக்குமே தோன்றவில்லை. அதற்கு வானம்தான் உத்தரவு கொடுக்கவேண்டும் என்று இருந்துவிட்டார்கள்.

இந்த முறை மார்கழியிலேயே நீலவேணி ஆர்ச்வே முருகனிடம் போய் யாருக்கும் சொல்லாமல் நேர்த்தி வைத்தாள். ஒரேயொரு நாள், பஸ் நிற்கிற அளவுக்கு. கேட்டதைத் தந்தால் பால்குடம் எடுப்பாள். முருகன் மழையைத்தான் அனுப்பினார். தை பிறந்தும் ஒரு பொட்டு வெள்ளையைக் காணோம். பூங்காவில் மஞ்சள் பூக்கள் நேரகாலம் தெரியாமல் தலையை நீட்டின. ஜம்பரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு சனம் திரிந்தது. அவளுக்கு அந்தப் பூக்களைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, கூட வேலை செய்யும் தனுஷியா போனை நீட்டினாள்.

"அன்ரி, புதன்கிழமை ஸ்னோவாம். யெலோ வோர்னிங். பஸ்ஸும் ஓடாதாம்."

"உண்மையே பிள்ளை?"

"ஓம் அன்ரி. நீங்கள் ஏன் சிரிக்கிறீங்கள்?"

புதன் அவருடைய லீவு நாள்! செவ்வாய் பின்னேரம் கிளீனிங் முடித்துக்கொண்டு போய் நண்டு, றால், பயிற்றங்காய், மரவள்ளி எல்லாம் வாங்கினாள். அன்றைக்கே கூழைக் காய்ச்சி வைத்தாள். விடிய எழும்பி ஜன்னல் சீலையை விலக்கினால், மழை. பஸ் சரியான நேரத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்த பஸ்ஸை அவள் சபிக்காத குறை. அவர் மத்தியானம் எழும்பித் தனியே கூழ் குடித்தார். அவள் இரவு வந்து தனியே குடித்தாள். நாலு பேர் சுற்றியிருந்து குடிக்கவேண்டியதை அப்படி நின்ற நிலையில் குடிக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. "கூழ் திறம்" என்று அவர் ரீவீயைப் பார்த்தபடி சொன்னார்.

மார்ச் தொடங்கிய முதல் ஞாயிறு, வழமைக்கு மாறாக அவர் மத்தியானமே எழும்பிச் சவரம் செய்துகொண்டு நின்றார்.

"வெளிக்கிடும், கோயிலுக்குப் போவம். எனக்கொரு நேர்த்தி கிடக்கு. நான் அங்கையிருந்தே வேலைக்குப் போறன்."

முருகனுக்கு முன்னால் கண்ணை மூடி நெடுநேரம் நின்றுவிட்டு, அவர் தேங்காயை ஓங்கி உடைத்தார். நல்ல வெள்ளையாகப் பிளந்தது. அவருடைய முகத்தில் அப்படி ஒரு ஆறுதல்.

"என்ன நேர்த்தியப்பா?" என்று கேட்டாள்.

"இது வழமையா நான் தனிய வந்து உடைக்கிறதுதான். ஸ்னோ வராமல் விட்டதுக்கு."

நீலவேணி அவர் பக்கம் திரும்பினாள். "என்னத்துக்கு?"

"நீர் விழுந்து கை முறிஞ்ச அண்டைக்கு நான் வீட்டை வந்து படுத்திட்டன். கட்டில் சூடாய்க் கிடந்தது. நீர் அங்கை ஆஸ்பத்திரியிலை வலியிலை துடிக்க, நான் உம்மடை சூட்டிலை நல்ல நித்திரை. பின்னேரம் எழும்பித்தான் போனைப் பாத்தன்." அவர் தேங்காய்ப் பாதியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உமக்குப் பென்சன் வருமட்டும் ஸ்னோவைக் காட்டாதையப்பா எண்டு அண்டைக்குக் கேட்டனான். வராத வருசத்துக்கு ஒரு தேங்காய்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரே சாமியிடம், ஒரே படியில் ஏறிப் போய், புருசன் ஒன்றைக் கேட்டிருக்கிறார், பெண்சாதி மற்றதைக் கேட்டிருக்கிறாள். இரண்டு பெண்சாதிக்காரரான முருகனுக்குப் பெண்ணின் ஏக்கம் விளங்கியிருக்க வேண்டாமா? ஆம்பிளையின் பக்கம் சாய்ந்துவிட்டாரே!

"நான் வரச்சொல்லிக் கேட்டனான்" என்றாள்.

"எதை?"

"ஸ்னோவை."

"உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான். ஸ்னோ வந்தால்தானே நீங்கள் என்னோடை வீட்டிலை நிப்பீங்கள். அண்டைக்கு ஒருநாள் என்னோடை கதைச்சியள். அதுக்குப் பிறகு இண்டைவரைக்கும் நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

இளங்கோவன் தேங்காய்ப் பாதியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். இருவரும் இறங்கி வந்து பஸ் தரிப்பில் நின்றார்கள். பின்னேரமாகியும் வெயில் சித்திரை மாதம் போல எறித்தது.

"ஒருநாள் ரெண்டுபேரும் லீவெடுத்தால் போச்சு" என்றார் அவர்.

"எப்ப?"

அவர் யோசித்தார். ஈஸ்டருக்கு மருமகளின் தங்கைக்குக் கலியாணம். வைகாசியில் பெரியண்ணையின் திவசம். அதற்குப் பிறகு டினேஷுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. யோசித்துக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

"அடுத்ததிலை போறன்" என்றார். பிறகு, "உந்தப் பேக்கரிக்குப் புதுசா ஒருத்தன் மேற்பார்வைக்கு வந்திருக்கிறான், தெரியுமே?" என்று தொடங்கினார். தரிப்பில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்க்கும்படி, சாப்பாட்டுப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு, அவன் நடக்கிற மாதிரி நாலு அடி நடந்து காட்டினார். நீலவேணி சிரித்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது. அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று.

அவர் வேலைக்கு ஒருநாளும் பிந்திப் போனவரில்லை. மூன்றாவது பஸ் வளைவில் திரும்பியது.

"போங்கோ, நேரம் போட்டுது" என்றாள் நீலவேணி. சொன்னாளே தவிர, பிடித்திருந்த அவருடைய கோட்டுக் கையை அவள் விடவில்லை.