மஞ்சள் நிற நடுராத்திரி

"வாடா மீசைக்காரா, சட்டையைக் கழட்டு" என்று கணினித் திரையைப் பார்த்து அதட்டுகிறார் பெயிண்டரம்மா. மீசைக்காரன் அசைவதில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஓவியர் கறுப்பு மையில் வரைந்த படக்கதைக் கொள்ளைக்காரன் அவன். பச்சைச் சட்டை அவனுக்குச் சரிப்படவில்லை. நீலம் போட்டால் பக்கத்தில் நீல உடுப்பில் நிற்கும் போலீஸ்காரரோடு உறவு கொண்டாடுகிறான். கடைசியில் செங்கல் நிறம் பொருந்தியதும், "இப்பதான்டா நீ களவாணி!" என்று கொஞ்சுகிறார்.

பெயிண்டரம்மா என்ற பட்டப்பெயர் வந்ததே ஒரு தமாஷ். வண்ணம் பூசுகிற வேலை என்று ஒருமுறை சொல்லிவைக்க, எதிர்வீட்டுக்காரர் தம் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க எப்போது வருவீர்கள் என்று வந்து நின்றார். "கேட்டெல்லாம் அடிக்கிறதில்லைங்க, பழைய படக்கதைக்கு மட்டும்தான்" என்று விளக்கியும் பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலையில் அம்மா படு கறார். பழைய அச்சகத்தில் இருந்தது சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. அந்த நாலும் அவை பெற்ற பிள்ளைகளும்தான் இவருக்கும். மினுமினுப்பு, மூக்கு நுனியில் வெளிச்சம், அதெல்லாம் கிட்டேயே வரக்கூடாது. "மெழுகுப் பொம்மை மாதிரி ஆயிடும். அப்புறம் வரைஞ்சவர் கை எங்க தெரியும்?" பழைய வாரப்பத்திரிகை அட்டைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். அதில் சிவப்பு உதட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருக்கிறதா, இவரும் அதே அளவு வழியவிடுவார். ஓவியரின் கறுப்பை மட்டும் தொடவே மாட்டார். அது அவர் சொத்தாம்.

ஒரே ஒரு குறை, கதையைப் படிக்கமாட்டார். பாத்திரங்கள் பேசும் வசனம் அவருக்கு வெறும் வெள்ளை இடம். "சட்டைக்குச் சாயம் போடுறவளுக்குக் கதை எதுக்கு?" என்பார். படிக்கிற வேலையைப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவர் பார்த்துக்கொள்கிறார். ட்ரிப் முடிந்து வந்ததும் அச்சுப்பிரதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கூப்பிட்டாலும் காது கேட்காது.

போன வாரம் வினை வந்தது அப்படித்தான். இவர் வண்ணம் பூசி முடித்த மீசைக்காரனின் வங்கிக் கொள்ளைக் கதையை, புத்தகம் போடும் பதிப்பகம் ஓவியருக்கு அனுப்பிவிட்டிருந்தது. அவர் சரி என்றால்தான் புத்தகம். எண்பதைத் தாண்டிய மனிதர், பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. "முழுசா போறதுக்குள்ள என் ஆளுங்களைக் கலர்ல பார்த்துடணும்" என்று வாய்விட்டுக் கேட்டிருந்தார். மறுநாள் காலை, டீயும் கையுமாகப் படித்துக்கொண்டிருந்த கணவர் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா, 'நடுராத்திரி ஆயிடுச்சு, சத்தம் போடாதே'ங்கிறான் மீசைக்காரன். கதை முழுக்க ஒரே ராத்திரிதான். வானம் என்னடான்னா பளிச்சுன்னு மஞ்சளா இருக்கு!"

பெயிண்டரம்மா ஓடிவந்து பக்கங்களைப் புரட்டினார். நிலா இல்லை, நட்சத்திரம் இல்லை, வானத்தை ஓவியர் வெறுமனே விட்டிருந்தார். இவரும் தாராளமாக மஞ்சளை ஊற்றிவிட்டார், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். "அய்யய்யோ, பெரியவர் மானத்தை வாங்கிட்டேனே!" எல்லாவற்றையும் மாற்ற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் கண் தாங்குமா? போன் பண்ணவும் தைரியம் வரவில்லை. அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

சாயங்காலம் ஓவியரே கூப்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க ஐயா, அது ராத்திரின்னு நான் கவனிக்கவே இல்லை..."

"நல்லதாப் போச்சு!" என்றார் அவர். "அந்தக் காலத்து அச்சாபீஸ்லயும் அட்டைப்படத்துல ராத்திரின்னா மஞ்சள்தான். கருநீலம் போட்டா கோடு முழுகிடுமாம். நானும் ஒவ்வொரு தடவையும் போய்ச் சண்டை போடுவேன், தோத்துட்டு வருவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இப்ப என் கண்ணுக்கே கோடு முழுகிடுதும்மா. நீ இருட்டா போட்டிருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. மீசைக்காரன் மீசை ஒவ்வொரு இழையாத் தெரியுது. மாத்திடாதே."

"அப்ப புத்தகம்?"

"அச்சுக்குக் குடுக்கச் சொல்லிட்டேன்."

அப்பாடா! போனுக்கே ஒரு கும்பிடு போட்டார் பெயிண்டரம்மா. போனை வைத்துவிட்டு, கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற கணவரிடம் நேராகப் போனார். காலையில் சிரித்த சிரிப்புக்கெல்லாம் சேர்த்து அவர் காதைப் பிடித்து நன்றாக ஒரு திருகு திருகினார். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்து அழுதபோதும், பிடித்த காதை மட்டும் விடவில்லை.