அருவிக்கரையில் பெண் பார்த்தது

தராதரம் என்ற சொல்லை எங்கள் அத்தையைப் போலப் புழங்கியவர்களை நான் பார்த்ததில்லை. மாம்பழத்தை முகர்ந்து ஒதுக்கினால் தராதரம். பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதும் தராதரம். அவள் எடுத்த சேலையைக் குறை சொன்னவர்கள் தராதரம் தெரியாதவர்கள். தென்காசியில் அது தனக்கு மட்டுமே வாய்த்தது என்று அவளுக்கு எண்ணம்.

அம்மா இல்லாத எங்களை வளர்த்தவள் அவள். அக்காவுக்கு ஆலங்குளத்தில் ஒரு பெரிய இடத்தைப் பிடித்ததும் அவள்தான். சாரல் காலம் வந்தால் எங்கள் உறவில் பெண் பார்ப்பதைக் குற்றாலத்தில் வைத்துக்கொள்வார்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவதாகப் பேர். பவுடரும் சவுரிமுடியும் அருவியில் நிற்காது, அதுதான் விஷயம்.

மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு விட்டுவிடுவார்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கூந்தலை இழுத்துப் பார்த்தாள். ஈரத் துணியால் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தையோ, பார்க்கத் தெரிந்தவர்கள் என்று பூரித்துப்போய் நின்றாள்.

அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது அந்த வீட்டு மூத்த மருமகள். சேலை விலகியபோது அவள் முழங்கைக்கு மேல் சூட்டுத் தழும்புகள் தெரிந்தன. அக்கா தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். அவள் மாமியார் இருந்த பக்கம் பார்த்துவிட்டுத் தழும்பின் மேல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

குளித்துவிட்டுப் படியேறும்போது அக்கா நொண்டினாள்.

"காலு எப்பமும் இப்படித்தானா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"ஆமா, சின்னப்பிள்ளையிலருந்தே," என்றாள் அக்கா.

பாசியில் வழுக்கியிருக்கும், அதைச் சொல்லக்கூட இவளுக்குத் துப்பில்லையே என்று நான் கொதித்தேன். அத்தை சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. "ஊனத்த மறைச்சு எங்க தலையில கட்டப் பாக்கியளோ?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் வண்டியேறிவிட்டாள். மூத்த மருமகள் ஈரத் துணிகளைச் சுமந்துகொண்டு பின்னால் போனாள்.

திரும்பும் வழியெல்லாம் அத்தை ஓயவில்லை. "தராதரம் தெரியாத மூதி, எப்பேர்ப்பட்ட எடத்தக் கெடுத்துட்டு நிக்கியேட்டி," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இலஞ்சிப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தினார்கள். அக்கா கீழே குதித்து, வரப்பில் ஒரே ஓட்டமாக ஓடிக் கை நிறையப் பூ பறித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரியாகித் தொலைகிற கால், ஒரு நாழிகைக்கு முன்னால் சரியாகியிருக்கக் கூடாதா?